மரக்காலுக்குச் சீட்டு எழுதுவது யார்?

(ராஜபாளையத்தில், பஞ்சாலைத் தொழிலாளரும் ஸ்ரீவில்லிபுத்தூர் வட்டார விவசாயத் தொழிலாளரும் கலந்துகொண்ட கூட்டத்தில் ஆற்றிய உரை)



இரவு ஷிப்டு முடித்து, தலையில் ஒட்டிய பஞ்சைக்கூடத் தட்டிவிடாமல் நேரே வந்திருக்கிறவர்கள் இங்கே இருக்கிறீர்கள். களை வெட்டிவிட்டு பஸ் பிடித்து வந்த சகோதரிகள் இருக்கிறீர்கள். உங்களிடம் கூலி பற்றிப் பேசலாம், போனஸ் பற்றிப் பேசலாம். ஆனால் இன்று நாம் பேசப்போவது மியூசியத்தைப் பற்றி. அதோ, அந்த மூலையில் ஒரு தோழர் சிரிக்கிறார். "சோற்றுக்கே வழியைக் காணோம், மியூசியம் எதற்கு?" என்பதுதானே அந்தச் சிரிப்புக்கு அர்த்தம்? பேசி முடித்த பிறகும் அவருக்குச் சிரிப்பு வந்தால் நாமும் சேர்ந்து சிரிப்போம்.

சென்னை எழும்பூரில் சர்க்கார் மியூசியம் இருக்கிறது. 1851இல் வெள்ளைக்காரன் காலத்தில் தொடங்கியது. மிருகக்காட்சிசாலையும் ஆரம்பத்தில் அதே வளாகத்தில்தான் இருந்தது. சென்னையின் பாமர ஜனங்கள் இரண்டுக்கும் பெயர் வைத்தார்கள். மிருகங்கள் இருந்த இடம் உயிர்க் காலேஜ். மியூசியம் செத்த காலேஜ்! எந்தப் பண்டிதர் உட்கார்ந்து யோசித்தாலும் இவ்வளவு கச்சிதமாகப் பெயர் வைத்திருக்க முடியாது.

அந்த மியூசியத்தை நாம் குறை சொல்லவில்லை. அமராவதிச் சிற்பங்களும் சோழர் காலத்துச் செப்புத் திருமேனிகளும் அங்கே பத்திரமாக இருப்பதால்தான் நம் பிள்ளைகள் இன்று அவற்றைப் பார்க்க முடிகிறது. ஆனால் ஒரு கேள்வி கேட்கலாம் அல்லவா? எது வைத்துக் காப்பாற்றத் தகுந்த பொருள், எது குப்பைக்குப் போக வேண்டிய பொருள் என்று யார் தீர்மானிக்கிறார்கள்? வைத்த பொருளுக்குக் கீழே ஒரு சின்னச் சீட்டு ஒட்டியிருக்கிறதே, அதை யார் எழுதுகிறார்கள்?

ஒரு மரக்காலை எடுத்துக்கொள்ளுங்கள். நகரத்து மியூசியத்தில் அதை வைத்தால் சீட்டில் என்ன எழுதுவார்கள்? "மரக்கால். தானியம் அளக்கும் கருவி. மரம், பித்தளைப் பூண்." அவ்வளவுதான். இதில் பொய் ஒன்றும் இல்லை. ஆனால் இங்கே உட்கார்ந்திருக்கிற வயதான தாய்மாரைக் கேளுங்கள். களத்தில் குத்தகை நெல் அளக்க ஒரு மரக்கால், கூலி நெல் அளக்க இன்னொரு மரக்கால் இருந்த கதையைச் சொல்வார்கள். வாங்கும்போது பெரியது, கொடுக்கும்போது சின்னது. கைக்கும் தெரியும், கண்ணுக்கும் தெரியும். வாய் திறந்து கேட்கத்தான் முடியாது. 1940களில் தஞ்சை ஜில்லாவில் விவசாயத் தொழிலாளர்கள் சங்கம் சேர்ந்தபோது வைத்த கோரிக்கைகளில் ஒன்று, கூலியை முத்திரை போட்ட மரக்காலால் அளக்க வேண்டும் என்பது. சாட்டையடி கூடாது, சாணிப்பால் புகட்டக் கூடாது என்ற கோரிக்கைகளோடு சேர்ந்து நின்ற கோரிக்கை அது. அந்த ஜில்லாவில்தான் பிறகு 1968 டிசம்பர் 25ஆம் தேதி, கூலி உயர்வு கேட்டுப் போராடிய கீழ்வெண்மணியில், குடிசைக்குள் 44 பேர் எரிந்து செத்தார்கள்.

இப்போது சொல்லுங்கள். அந்த மரக்காலுக்கு "தானியம் அளக்கும் கருவி" என்று எழுதினால் போதுமா? பித்தளைப் பூணின் வேலைப்பாடு அழகாக இருக்கிறது என்று அந்தச் சீட்டு சொல்லும். அந்தப் பூணைப் போட்ட கொல்லனின் பெயரைச் சொல்லாது. அதில் அளந்து வாங்கின பெண்ணின் பெயரையும் சொல்லாது. அந்தச் சீட்டை நாம் எழுத வேண்டும் என்பதுதான் இன்றைக்கு நம் பேச்சு.

முன்பு நம்முடைய பொருள்களைப் பொறுக்கி எடுத்தவர்கள் எதற்காக எடுத்தார்கள் என்பதைக் கொஞ்சம் பார்ப்போம். பஞ்சாலைத் தோழர்கள் இதைக் கவனமாகக் கேட்க வேண்டும்.

லண்டனில் இந்தியா மியூசியம் என்று ஒன்று இருந்தது. அதில் அதிகாரியாக இருந்த ஃபோர்ப்ஸ் வாட்சன் என்பவர் 1866இல் ஒரு காரியம் செய்தார். இந்தியாவின் மூலைமுடுக்குகளில் நெய்த துணிகளை, வேட்டி, சேலை, தலைப்பாகை, லுங்கி, மஸ்லின் என்று எல்லாவற்றையும் சேர்த்து, துண்டு துண்டாகக் கத்தரித்து, தாள்களில் ஒட்டினார். 700 துணி மாதிரிகள். 18 வால்யூம்கள். இப்படி 20 செட் தயாரித்தார். 13 செட் பிரிட்டனில் ஜவுளித் தொழில் நடக்கிற ஊர்களுக்கும் அங்குள்ள மற்ற இடங்களுக்கும் போயிற்று. 7 செட் இந்தியாவுக்கு வந்தது. கட்டடம் இல்லை, கண்ணாடிப் பெட்டி இல்லை, கைக்கு எடுத்துப் புரட்டிப் பார்க்கிற மியூசியம்! மியூசியத்தைக் கட்டடத்துக்கு வெளியே கொண்டுபோக வேண்டும் என்று இன்றைக்குப் புதுமையாகப் பேசுகிறவர்கள் இதை நினைத்துப் பார்க்கட்டும். அதை 160 வருஷத்துக்கு முன்பே ஏகாதிபத்தியம் செய்து காட்டிவிட்டது.

எதற்கு? இந்திய ஜனங்கள் எந்த மாதிரித் துணி உடுத்துகிறார்கள், கரை எத்தனை அங்குலம், நீளம் எத்தனை முழம், எந்த நிறம், எந்த நெருக்கம் என்று மான்செஸ்டர் முதலாளி தெரிந்துகொண்டு, அதே மாதிரித் துணியை மில்லில் அடித்து, இங்கேயே கொண்டுவந்து விற்பதற்கு. நெசவாளியின் கைத்திறனைக் கத்தரித்து எடுத்து, அவன் வாயில் மண்ணைப் போடுவதற்கே அதைப் பாடப் புத்தகமாக்கினார்கள். 700 துண்டுகளில் எந்த ஊர், என்ன விலை, எவ்வளவு எடை என்ற விவரமெல்லாம் உண்டு. நெய்தவன் யார் என்று கேட்டால் பதில் இல்லை. அந்த வால்யூம்கள் இன்றைக்கும் இருக்கின்றன. பார்த்தவர்கள் அழகில் மயங்குகிறார்கள். வாஸ்தவத்தில் அழகுதான். களவு போன பொருள் அழகாக இருக்கக்கூடாது என்று சட்டமா இருக்கிறது?

இருபது வருஷம் கழித்து, 1886இல், லண்டனில் காலனி - இந்தியப் பொருட்காட்சி நடந்தது. இந்த முறை துணியை மட்டும் அல்ல, ஆளையே கொண்டுபோய் வைத்தார்கள். தச்சன், குயவன், கம்பள நெசவாளி என்று இந்தியக் கைத்தொழிலாளர்களை உட்கார வைத்து வேலை செய்யச் சொல்லி, கூட்டம் கூட்டமாக வந்து வேடிக்கை பார்த்தார்கள். பரம்பரை பரம்பரையாகக் கிராமத்தில் தொழில் செய்கிறவர்கள் என்று ஜனங்களுக்குச் சொல்லப்பட்டது. உண்மையில் அவர்களில் பலர் ஆக்ரா சிறைச்சாலையில் தொழில் பழக்கப்பட்டவர்கள்! ஆக, பொருளைப் பெட்டிக்கு வெளியே எடுத்துவிட்டால் போதும், ஆளை முன்னால் உட்கார வைத்துவிட்டால் போதும், ஜனநாயகம் வந்துவிட்டது என்று நினைக்க வேண்டாம். வேடிக்கை பார்க்கிறவன் யார், வேடிக்கைப் பொருள் யார் என்ற கேள்வி கூடவே வரும்.

இதற்கு எதிர்ப் பக்கத்திலும் சரித்திரம் இருக்கிறது. அதை நம் பக்கத்து ஜில்லாவிலிருந்தே சொல்லலாம்.

பாளையங்கோட்டையில் பேராசிரியர் நா. வானமாமலை இருந்தார். 1917இல் பிறந்து 1980இல் மறைந்த கம்யூனிஸ்டு. எந்தச் சர்வகலாசாலையிலும் அவருக்கு நாற்காலி இல்லை. தாமே ஒரு டுடோரியல் காலேஜ் நடத்திப் பிழைத்தார். அவரும் அவரைச் சுற்றியிருந்த தோழர்களும், அவர்களில் கிராமத்துப் பள்ளி ஆசிரியர்களும் உண்டு, வயற்காட்டிலும் களத்திலும் போய் உழைப்பாளிகள் பாடுகிற பாட்டுகளை எழுதி எடுத்தார்கள். நடவுப் பாட்டு, ஏற்றப் பாட்டு, தாலாட்டு, ஒப்பாரி, எல்லாம். 'தமிழர் நாட்டுப் பாடல்கள்' என்று 1964இல் புத்தகமாக வந்தது. பண்டிதர்கள் 'பாமரர் உளறல்' என்று ஒதுக்கியதை ஒரு டுடோரியல் காலேஜ் வாத்தியார் எடுத்து வைத்தார். 1969இல் 'ஆராய்ச்சி' என்று ஒரு பத்திரிகையும் தொடங்கி, நெல்லை ஆய்வுக் குழு என்று இளைஞர்களைக் கூட்டி உட்கார வைத்தார்.

கோவில்பட்டிக்குப் பக்கத்தில் இடைசெவலில் பிறந்த கி. ராஜநாராயணன் இன்னொருவர். அவரும் விவசாயிகள் இயக்கத்தில் நின்றவர். பள்ளிப் படிப்பு அதிகம் இல்லாதவர். கரிசல் காட்டுச் சம்சாரிகளின் வாய்ச் சொற்களைத் திரட்டி ஓர் அகராதியே போட்டார். கமலை என்றால் மொத்தமாக ஒரே பொருளா? கூனை உண்டு, வால் உண்டு, வடம் உண்டு, உருளை உண்டு. ஒவ்வொன்றுக்கும் ஒரு பெயர், ஒவ்வொரு பெயருக்குப் பின்னாலும் ஒரு ஆசாரியின் கை. பம்புசெட்டு வந்ததும் கமலை போயிற்று. போனது நல்லதுதான், மாட்டுக்கும் மனுஷனுக்கும் இடுப்பு நிமிர்ந்தது. ஆனால் அதோடு அத்தனை வார்த்தைகளும் புதைந்து போயிருக்கும். அவர் ஒரு நோட்டும் பென்சிலும் வைத்துக்கொண்டு அவற்றைக் காப்பாற்றினார். 2021இல் மறைந்தார்.

ராஜஸ்தானத்தில் கோமல் கோத்தாரி என்று ஒருவர் இருந்தார்; 2004இல் காலமானார். பாட்டுக்காரர்களையும் அவர்களுடைய வாத்தியங்களையும் தேடி ஆயுள் முழுக்க அலைந்தவர். ஜோத்பூருக்குப் பக்கத்தில், பாறையும் முள்ளும் நிறைந்த இடத்தில், ஒரு பாலைவன மியூசியம் ஏற்படுத்தினார். அதில் முதலில் எடுத்துக்கொண்ட பொருள் என்ன தெரியுமா? துடைப்பம்! ராஜாவின் வாள் இல்லை, ராணியின் ஒட்டியாணம் இல்லை, வீடு கூட்டுகிற துடைப்பம். எந்தப் புல்லில் கட்டியது, எந்தப் பிரதேசத்தில் விளைவது, வீட்டுக்குள் கூட்டுவது எது, மாட்டுக் கொட்டகைக்கு எது, கட்டுகிறவர்கள் யார், அவர்களை ஊர் எங்கே ஒதுக்கி வைத்திருக்கிறது, இதையெல்லாம் சேர்த்துக் காட்டினார்கள். நம் சகோதரிகள் சிலர் தலையாட்டுகிறார்கள். ஈர்க்குமாறு கட்டுகிற கைக்கு அது தெரியும்.

சென்னைக்குத் தெற்கே முட்டுக்காட்டில் 1996இல் திறந்த தக்ஷிணசித்ரா இன்னொரு மாதிரி. தென்னாட்டின் பழைய வீடுகளைப் பிரித்து, ஓடு ஓடாக, தூண் தூணாகக் கொண்டுவந்து திரும்பக் கட்டியிருக்கிறார்கள். செட்டிநாட்டு வணிகர் வீடு உண்டு, நெசவாளி வீடும் உண்டு, குயவர் வீடும் உண்டு. இடிபட்டுப் போயிருக்க வேண்டியவை பிழைத்தன. அதற்காகப் பாராட்டத்தான் வேண்டும். போக முடிந்தவர்கள் பிள்ளைகளைக் கூட்டிப்போய்க் காட்டுங்கள். ஆனால் நமக்கு ஒரு மனத்தாங்கல் உண்டு. நெசவாளி வீட்டில் தறியைப் பார்க்கலாம், நெசவாளி கடன்காரனுக்குப் பதில் சொல்லுகிற திண்ணையைப் பார்க்க முடியுமா? திண்ணை இருக்கும், கடன்காரன் இருக்க மாட்டான். வீட்டை எடுத்துப் போகலாம், வீட்டின் கவலையை எடுத்துப் போக முடியாது.

கடைசியாக ஒரு வெளிநாட்டு உதாரணம் சொல்லிவிட்டு ஊருக்குத் திரும்புகிறோம். சுவீடன் தேசத்தில் ஸ்வென் லிண்ட்க்விஸ்ட் என்ற எழுத்தாளர் 1978இல் ஒரு புத்தகம் போட்டார். தலைப்பின் அர்த்தம்: நீ நிற்கிற இடத்தைத் தோண்டு. உன் ஆலையின் சரித்திரத்தை நீயே எழுது, முதலாளி அச்சடித்த வெள்ளிவிழா மலரை நம்பாதே, உன் வேலையில் உன்னைவிடப் பெரிய நிபுணன் எவனும் இல்லை என்று தொழிலாளிக்குச் சொல்கிற புத்தகம். அவர் எடுத்துக்கொண்ட உதாரணம் சிமெண்டுத் தொழில். ராஜபாளையத்துக்காரர்களுக்கு சிமெண்டு ஒன்றும் அந்நியச் சரக்கு அல்ல! அதைப் படித்துவிட்டு அந்த நாட்டில் நூற்றுக்கணக்கான இடங்களில் தொழிலாளர்கள் வட்டம் வட்டமாக உட்கார்ந்து தோண்டினார்கள். அந்த நாட்டிலேயே நோர்ஷோப்பிங் என்று ஒரு பஞ்சாலை ஊர். ஆலைகள் மூடிய பிறகு, ஒரு பழைய நெசவாலைக் கட்டடத்தில் 1991இல் உழைப்பு மியூசியம் திறந்தார்கள். தொழிற்சங்கங்களும் அதில் பங்கு.

நம் நாட்டில் என்ன நடந்தது? சென்னைத் தொழிலாளர் சங்கம் 1918இல் பிறந்தது பெரம்பூர் பின்னி ஆலைத் தொழிலாளர்களை வைத்து. நாட்டின் முதல் தொழிற்சங்கம் என்று சரித்திரப் புத்தகம் சொல்கிற சங்கம். அந்த ஆலை 1996இல் மூடப்பட்டது. பிறகு அந்தக் கூடங்களில் சினிமாவுக்கு செட்டுப் போட்டுச் சண்டைக் காட்சி எடுத்தார்கள். பம்பாயில் 1982இல் இரண்டரை லட்சம் பஞ்சாலைத் தொழிலாளர்கள் செய்த வேலைநிறுத்தத்துக்குப் பின் ஆலைகள் ஒவ்வொன்றாக அடங்கி, புகைபோக்கி நின்ற இடத்தில் வானளாவக் கட்டடமும் கடைவீதியும் எழுந்தன. அங்கே இரண்டு பெண்கள், நீரா அடார்க்கரும் மீனா மேனனும், தொழிலாளர் குடியிருப்புகளில் ஏறி இறங்கி நூறு பேரின் வாய்மொழியை வாங்கி 2004இல் புத்தகமாக்கினார்கள். அதனால்தான் அந்தக் குரல்கள் நமக்குக் கேட்கின்றன.

இனி நம் ஊர். ஸ்ரீவில்லிபுத்தூரிலிருந்து ஆரம்பிப்போம்.

ஆண்டாள் கோயில் கோபுரம் பதினொரு நிலை. சர்க்கார் முத்திரையில் இருப்பது இந்தக் கோபுரம்தான் என்று ஊரே பெருமைப்படும். நாம் சொல்ல வருவது கோபுரத்தை அல்ல, கிளியை. ஆண்டாள் கையில் ஒரு பச்சைக் கிளி இருக்கிறதே, அது தினந்தோறும் புதிதாகக் கட்டப்படுகிறது. மாதுளம்பூவில் அலகு, மரவள்ளி இலையில் உடம்பு, காக்காப்பொன்னில் கண், வாழைநாரில் கட்டு. ஒரு கிளிக்குப் பல மணி நேரம் பிடிக்கும். மறுநாள் அது வாடிவிடும். திரும்பவும் இலை பறித்து, திரும்பவும் கட்ட வேண்டும். நாம் சாமி கும்பிடுகிறோமா இல்லையா என்பது வேறு விஷயம். இந்தக் கிளியை எந்த மியூசியத்தில் வைப்பீர்கள்? கண்ணாடிப் பெட்டிக்குள் வைத்தால் இரண்டு நாளில் சருகு. ஆனாலும் நூறு நூறு வருஷமாக அது இருக்கிறது. எங்கே? கட்டுகிறவர் விரலில். அப்பன் விரலிலிருந்து மகன் விரலுக்குப் போய்க்கொண்டிருக்கிறது.

இப்போது சத்திரப்பட்டிக்கு வாருங்கள். இங்கிருந்து கூப்பிடு தூரம். அங்கே விசைத்தறியில் ஓடுவது என்ன? பேண்டேஜ் துணி. ஆஸ்பத்திரியில் காயத்துக்குக் கட்டுகிற, கொசுவலை மாதிரி இழை விட்டு இழை விட்டு நெய்த துணி. அது எங்கெங்கோ போகிறது. யாருடைய ரத்தத்தையோ உறிஞ்சுகிறது. சாயங்காலம் அவிழ்த்துக் குப்பையில் எறிகிறார்கள். கிளிக்கு ஒரு நாள் ஆயுள், பேண்டேஜுக்கும் ஒரு நாள் ஆயுள். கிளியைப் பற்றி எழுத ஆள் இருக்கிறது. பேண்டேஜைப் பற்றி யார் எழுதுவது? அதிலும் கணக்கு இருக்கிறது, தோழர்களே! பாவு இவ்வளவு, ஊடை இவ்வளவு, கொஞ்சம் நெருங்கினால் காயத்துக்குக் காற்றுப் போகாது, கொஞ்சம் விலகினால் கட்டு நிற்காது. தறி சத்தத்தில் காது மந்தமாகிப்போன ஒரு அண்ணாச்சி, துணியை விரலால் தடவிப் பார்த்தே இழை குறைவதைச் சொல்லிவிடுவார். அது வேலைப்பாடு இல்லையா? பட்டுச் சேலையில் ஜரிகை இருந்தால்தான் கைத்திறனா?

ராஜபாளையத்துக்கு மில் வந்தது 1936இல், ராஜபாளையம் மில்ஸ் தொடங்கியபோது. அதற்கு முன்பே சுற்றியிருந்த கரிசலில் பஞ்சு உண்டு. கருங்கண்ணிப் பருத்தி எடுத்த பாட்டிமார்கள் பலர் வீட்டில் இருந்திருப்பார்கள். பருத்தி எடுப்பதற்கே ஒரு கை வேண்டும். காய்ந்த சருகு ஒட்டாமல், முள் மாதிரி நிற்கிற காய்த்தோடு விரலைக் கிழிக்காமல் ஒரே இழுப்பில் எடுக்க வேண்டும். அந்தப் பஞ்சு ப்ளோரூம் போய், கார்டிங் போய், டிராயிங், சிம்ப்ளக்ஸ் தாண்டி, ஸ்பின்னிங்கில் நூலாகி, கோன் வைண்டிங்குக்கு வருகிறது. கோன் வைண்டிங்கில் வேலை பார்த்த பழைய சகோதரிகளைக் கேளுங்கள். இழை அறுந்தால் விரலால் ஒரு முடிச்சுப் போடுவார்கள். கண் சிமிட்டுவதற்குள் முடிச்சு விழுந்திருக்கும். பிறகு முடிச்சுப் போட ஒரு கைக்கருவி வந்தது. பிறகு காற்றால் இழையை இணைக்கிற மெஷின் வந்தது, முடிச்சே இல்லை. மெஷின் வந்ததை நாம் எதிர்க்கவில்லை. ஆட்குறைப்பைத்தான் எதிர்த்தோம், எதிர்ப்போம். ஆனால் அந்த முடிச்சு? அதைப் போடத் தெரிந்தவர்கள் இன்னும் பதினைந்து இருபது வருஷம் இருப்பார்கள். அதற்குப் பிறகு அது உலகத்தில் இல்லை.

பக்கத்தில் சுந்தரபாண்டியத்தில் கைத்தறி. குழித்தறியில் கால் போட்டு உட்கார்ந்தவர்கள் குறைந்துகொண்டே வருகிறார்கள். அச்சும் விழுதும் நாடாவும் தார்க்குச்சியும் படைமரமும் எங்கே போகின்றன? அடுப்புக்கும் பழைய இரும்புக் கடைக்கும்.

வைப்பதற்கு இடம் இல்லையா என்றால், முன்மாதிரியும் இந்த ஊரிலேயே உண்டு. சென்னை மாகாணத்தில் 1949 முதல் 1952 வரை முதல் மந்திரியாக இருந்த பூ.ச. குமாரசாமி ராஜா தாம் குடியிருந்த வீட்டையே கலைக்கென்று கொடுத்தார். அதுதான் காந்தி கலை மன்றம். அவர் ஆட்சியில்தான் 1950 பிப்ரவரி 11ஆம் தேதி சேலம் சிறையில் 22 தோழர்கள் சுட்டுக் கொல்லப்பட்டார்கள். அதை நாம் மறக்கவில்லை, மறக்கவும் மாட்டோம். ஆனாலும் ஒரு மனிதர் தம் வீட்டைக் கலைக்கு எழுதிக் கொடுத்தார் என்றால், அதைச் செய்தார் என்று சொல்லத்தான் வேண்டும்.

இனிச் சிரித்த தோழருக்குப் பதில். இதெல்லாம் கூலி உயர்த்துமா என்பது அவர் கேள்வி. நியாயமான கேள்வி. சர்க்கார் என்ன செய்கிறது பாருங்கள். 2015 முதல் ஆகஸ்டு 7ஆம் தேதியைத் தேசியக் கைத்தறி தினம் என்று மேடை போட்டுக் கொண்டாடுகிறது. அதே சர்க்கார் 2020இல், கொரோனாவில் தறியெல்லாம் நின்று கிடந்த நேரத்தில், அகில இந்தியக் கைத்தறி வாரியத்தையும் அகில இந்தியக் கைவினை வாரியத்தையும் கலைத்துவிட்டது. கைவினை வாரியம் 1952இல் கமலாதேவி சட்டோபாத்யாயா தலைமையில் ஏற்பட்டது. டில்லியில் கைவினை மியூசியம் 1956இல் எழுந்தது அந்த முயற்சிகளின் விளைவு. நெசவாளி போய் உட்கார்ந்து பேச இருந்த நாற்காலியை எடுத்துவிட்டு, நெசவாளிக்கு மாலை போட்டால் என்ன அர்த்தம்? ஸ்ரீவில்லிபுத்தூர்ப் பால்கோவாவுக்கு 2019இல் புவிசார் குறியீடு கிடைத்தது. சந்தோஷம். ஊர்ப் பெயருக்குக் காப்பு வந்தது. அடுப்புப் பக்கத்தில் நின்று வியர்வை சொட்டக் கிண்டுகிறவருக்கு என்ன வந்தது என்று அவரைத்தான் கேட்க வேண்டும்.

ஆகவே, கூலிக்குப் பதிலாக மாலை என்றால் வேண்டாம். நாம் சொல்வது வேறு. கூலி பேச உட்காரும்போது, "இது பழக்கம் இல்லாத வேலை, யார் வேண்டுமானாலும் செய்யலாம்" என்றுதானே எதிர்த் தரப்பு முதலில் சொல்லும்? களையெடுப்பைச் சொல்வார்கள், பருத்தி எடுப்பைச் சொல்வார்கள், வைண்டிங்கைச் சொல்வார்கள். திறமை இல்லாத வேலை என்று ஏட்டில் எழுதினால் கூலியும் அதற்குத் தகுந்தாற்போல் இறங்கும். அந்த மேஜையில் எடுத்து வைக்க நமக்குச் சாட்சியம் வேண்டாமா? இந்த வேலையில் இத்தனை நுணுக்கம் இருக்கிறது, பழக இத்தனை மாதம் ஆகும், இத்தனை விரல் போயிருக்கிறது என்று காட்டச் சான்று வேண்டாமா?

இந்த இடத்தில் ஒரு சுயவிமர்சனமும் செய்துகொள்ள வேண்டும். மற்றவர்களைக் குறை சொல்லிவிட்டு நாம் யோக்கியர்கள் மாதிரி நிற்கக்கூடாது. சில வருஷங்களுக்கு முன்பு நம் சங்க அலுவலகத்துக்கு வெள்ளையடித்தோம். பரண்மேல் சாக்கு மூட்டைகள் இருந்தன. பழைய நோட்டீசுகள், சந்தா ரசீதுக் கட்டைகள், கேட்டு வாசலில் இரவெல்லாம் உட்கார்ந்தபோது எரித்த இரண்டு அரிக்கேன் விளக்குகள், ஊர்வலத்தில் அடித்த ஒரு தப்பு. கரையான் பிடித்திருக்கிறது என்று சொல்லி அத்தனையையும் பழைய பேப்பர்க் கடைக்கு எடைக்குப் போட்டோம். வந்த காசில் டீ குடித்தோம். நாமே குடித்தோம், தோழர்களே! ஒரு மாதம் கழித்து ஒரு மூத்த தோழர் வந்தார். அந்தத் தப்பு அவருடைய தகப்பனார் தோல் கட்டியது. "எங்கே?" என்றார். நம்மிடம் பதில் இல்லை. அவர் ஒரு வார்த்தையும் சொல்லவில்லை. தோளில் கிடந்த துண்டை உதறி மறுபடியும் போட்டுக்கொண்டு வெளியே போய் உட்கார்ந்தார். ஏசியிருந்தால் தாங்கியிருக்கலாம்.

அந்தத் தப்புக்குப் பிராயச்சித்தமாகத்தான் அலுவலகத்தின் பின் அறையைக் காலி செய்து வைத்திருக்கிறோம். பத்தடிக்குப் பதினைந்தடி இருக்கும். நாலு சுவரிலும் ஆணி, ஒரு நீள மேஜை, ஒரு பெரிய நோட்டு. கண்ணாடிப் பெட்டி கிடையாது. கையால் எடுத்துப் பார்க்கலாம். டிக்கெட்டு கிடையாது. பத்து மணிக்குத் திறந்து ஐந்து மணிக்கு மூடினால் நீங்கள் எப்போது பார்ப்பது? ஆகையால் ஷிப்டு விடுகிற நேரத்துக்கெல்லாம் திறந்திருக்கும்.

பொருள் எங்களுக்குச் சொந்தமாக வேண்டாம், இரவலாகக் கொடுங்கள். பன்னரிவாள், கடகப்பெட்டி, சுளகு, மரக்கால், நாடா, பாபின், வைண்டிங் கத்தி, பேண்டேஜ் துணியில் ஒரு முழம், எதுவானாலும் சரி. உடைந்ததாக இருந்தாலும் சரி; எப்படி உடைந்தது என்று சொல்லுங்கள், அதுவும் சீட்டில் ஏறும். சீட்டை நீங்களே எழுத வேண்டும். எழுதத் தெரியாதவர்கள் சொல்லச் சொல்ல நம் பிள்ளைகள் எழுதுவார்கள். எழுதியதைத் திரும்பப் படித்துக் காட்டி, நீங்கள் சரி என்ற பிறகுதான் ஒட்டுவார்கள். செய்தவர் பெயர், புழங்கியவர் பெயர், ஒரு நாளைக்கு எத்தனை மணி வேலை, அப்போது என்ன கூலி. பெயர் போட்டால் வேலைக்கு ஆபத்து என்று நினைப்பவர்கள் பெயரில்லாமல் கொடுக்கலாம். அதையும் "பெயர் சொல்லப் பயந்த காலம்" என்று எழுதி வைப்போம். ஒரே பொருளைப் பற்றி இரண்டு பேருக்கு இரண்டு அபிப்பிராயம் இருந்தால் இரண்டு சீட்டும் தொங்கட்டும். சண்டையைச் சங்கத்துக்குள் போட்டுக்கொள்ளலாம், சீட்டைக் கிழிக்க வேண்டாம்.

முடிச்சுப் போடுகிற விரலை ஆணியில் மாட்ட முடியாது. அதற்குப் பிள்ளைகள் கையில் செல்போன் இருக்கிறது. வைண்டிங் சகோதரிகள் நாலு பேர் வந்து மெதுவாகப் போட்டுக் காட்டினால் படம் பிடித்து வைக்கலாம். படம் மட்டும் போதாது; சின்னப் பெண்கள் பக்கத்தில் உட்கார்ந்து நூலைக் கையில் வாங்கிப் பழகட்டும். கிளி அப்படித்தான் இத்தனை காலம் நின்றது.

சென்ற வாரமே நாலைந்து பொருள் வந்துவிட்டது. வத்திராயிருப்புப் பக்கத்திலிருந்து ஒரு அக்கா தம் மாமியாரின் பன்னரிவாளைக் கொண்டுவந்து மாட்டினார். பிடியில் கட்டைவிரல் பட்டுப் பட்டுக் குழி விழுந்திருக்கிறது. சீட்டும் அவரே சொல்லி எழுதினார். இரண்டு நாள் கழித்துத் திரும்ப வந்து, "அறுப்புக்கு ஆள் கூப்பிட்டிருக்காக, அருவா வேணும்" என்று கேட்டு வாங்கிப் போய்விட்டார். ஆணி இப்போது காலியாக இருக்கிறது. சீட்டை அவர் எடுக்கவில்லை. அதன் கீழே நம் பிள்ளைகள் ஒரு வரி சேர்த்திருக்கிறார்கள்: அறுப்புக்குப் போயிருக்கிறது.

வருகிற ஞாயிற்றுக்கிழமை காலை ஷிப்டு விட்டதும் அறையில் இருப்போம். நோட்டும் பேனாவும் தயாராக இருக்கும். ஆணி போதாது, வருகிற தோழர்கள் ஆளுக்கு நாலு ஆணி கொண்டு வாருங்கள்.